பெரியாரின் நிர்வாணப் படமும் ஆம்பூர்த் தோலும்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17 நெருங்கினால் சங்கிகளின் பக்கங்களில் ஒரு படம் தவறாமல் வந்துவிடும். 1932-இல் ஐரோப்பா சுற்றிய பெரியார் ஜெர்மனியில் நிர்வாண சங்கத்தாரோடு எடுத்துக்கொண்ட படம். ‘இவர்தான் உங்கள் தலைவரா?’ என்று கீழே ஒரு கேள்வி. நம் தோழர்கள் உடனே பதறுகிறார்கள். சிலர் படமே போலி என்கிறார்கள். சிலர், ஐயா வேடிக்கை பார்க்கத்தான் போனார், அது அந்த ஊர்க்காரர்களின் பழக்கம் என்று சமாளிக்கிறார்கள். எனக்கு இரண்டு பதிலும் பிடிக்கவில்லை. எதிரி ‘உடம்பு அசிங்கம்’ என்கிறான். நாமும் அதை ஒப்புக்கொண்டுவிட்டு, எங்கள் ஆளுக்கும் அந்த அசிங்கத்துக்கும் தொடர்பில்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

படம் போடுகிறவர்களின் யோக்கியதையைப் பேச அதிக நேரம் வேண்டாம். கும்பமேளாவில் நாகா சாமியார்கள் சாம்பல் பூசிக்கொண்டு ஒட்டுத்துணியில்லாமல் நடந்து வந்தால், அரசாங்கமே ஹெலிகாப்டரில் பறந்து பூத் தூவுகிறது. அது தெய்வீகம். ஈரோட்டுக்காரர் ஒருவர் ஜெர்மனியில் துணியில்லாமல் நின்றால் அது ஆபாசம். இதற்கு மேல் அவர்களிடம் பேச ஒன்றுமில்லை. நான் பேச நினைப்பது நம்மிடம்.

52 வயதில், தாடியும் வயிறுமாக இருந்த ஒரு மனிதர் போய்ப் பார்த்த அந்த இயக்கம் என்ன? ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது அது. வெயிலும் காற்றும் படாத தொழில்நகர வாழ்க்கையில் நைந்துபோன உடம்பை, வெட்கமில்லாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவோம் என்றார்கள். ஆனால் அதில் ஆரம்பத்திலேயே விஷமும் கலந்திருந்தது. ஹைன்ரிஷ் புடோர் யூத வெறுப்பாளர். ரிஷார்ட் உங்கெவிட்டர் எழுதியது இனத்தூய்மை. நல்ல ஜெர்மானிய உடம்பு நல்ல ஜெர்மானிய உடம்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள நிர்வாணம் உதவும் என்பது அவர் கணக்கு. ஹான்ஸ் சூரன் 1924-இல் எழுதிய ‘மனிதனும் சூரியனும்’ என்ற நூல், நாஜி ஆட்சியில் ஆரியப் பெருமை பூசிக்கொண்டு மறுபதிப்பாக வந்தது. அகமணமும் தீட்டும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த மொழி புதிதல்ல.

அதே பெர்லினில் அடோல்ஃப் கோஹ் என்று ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியரும் இருந்தார். தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஆடையில்லா உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பெரிய சர்ச்சையில் மாட்டியவர். பிறகு அவர் நடத்திய பள்ளிகளில் தொழிலாளர்களுக்கு உடற்பயிற்சியோடு மருத்துவப் பரிசோதனையும் இருந்தது. கூன் விழுந்த முதுகு, கருத்துப்போன நுரையீரல், சத்தில்லாத கால் எல்லாம் அங்கே வரலாம். அழகான உடம்புதான் வேண்டும் என்று யாரும் வாசலில் நிற்கவில்லை. அவருடைய பள்ளியின் முன்னெடுப்பில் 1929-இல் பெர்லினில் நிர்வாண இயக்கத்தாரின் சர்வதேச மாநாடு கூடியது. 1933-இல் நாஜிகள் வந்ததும் முதலில் மூடியவற்றில் கோஹின் பள்ளிகளும் அடக்கம். எந்தக் கிளை யாருக்குத் தொந்தரவாக இருந்தது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

1974-இல் சர்வதேச நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பு பிரான்சின் அக்ட் நகரில் கூடித் தன் கொள்கையை வரையறுத்தபோது, கூடி நிர்வாணமாக இருப்பதன் நோக்கமாகச் சொன்னவற்றில் முதலாவது சுயமரியாதை. அடுத்தது பிறரை மதிப்பது, அதற்கடுத்தது சூழலை மதிப்பது. சுயமரியாதை! அந்தச் சொல்லைப் பத்திரிகைப் பத்திரிகையாக அச்சடித்த இயக்கத்தின் பிள்ளைகள் நாம், அந்தப் படத்தைக் கண்டால் நெளிகிறோம்.

எனவே உடம்பை வெறுக்காதே என்ற அந்த அடிப்படைச் செய்தியோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை, அது இப்போது நம்மூருக்கு வந்து சேர்ந்திருக்கும் விதத்தோடு. கோவாவில் ஒரு முகாம், பெங்களூருவில் ஒரு பட்டறை, இன்ஸ்டாகிராமில் ஒரு வரி: ‘ஆடையைக் கழற்றிவிட்டால் எல்லோரும் சமம்.’ ஒரு கருத்தரங்கில் முன்வரிசையிலிருந்த ஒரு பேராசிரியரும் இதையே உருக்கமாகச் சொன்னார். ஆடைதான் வர்க்கத்தைக் காட்டுகிறது, சாதியைக் காட்டுகிறது, அதைக் களைந்தால் மனிதன் மட்டும் மிஞ்சுவான் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

திருச்செந்தூருக்குப் போனவர்கள் யோசித்துப் பாருங்கள். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கேரளத்தில் பல கோயில்களில் இதே விதி. சட்டையைக் கழற்றியதும் சமத்துவமா வந்தது? பூணூல் தெரிந்தது. 2024 டிசம்பர் 31-இல் சிவகிரி மடத்தின் சச்சிதானந்த சுவாமி இதைத்தான் வெளிப்படையாகச் சொன்னார்: யார் பூணூல் போட்டவன் என்று பார்ப்பதற்காக வந்த வழக்கம் இது, ஒழித்துக்கட்டுங்கள் என்று. மேடையிலிருந்த பினராயி விஜயனும் அதை ஆதரித்தார். சாதி நம் உடம்பின் மேல் போர்த்திய துணியாக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவோ வசதி. கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருப்போமே.

இந்தியாவில்தான் உலகின் முதல் நிர்வாண சங்கம் உருவானது என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். 1891, மும்பை மாகாணத்து மாத்தேரான் மலை. தொடங்கியவர் சார்லஸ் எட்வர்ட் கோர்டன் கிராஃபோர்ட். மாவட்ட நீதிபதி. உறுப்பினர்கள் மூன்றே பேர்: அவரும், ஒரு மிஷனரியின் பிள்ளைகள் இருவரும். அவரை ரத்னகிரிக்கு மாற்றியதும் சங்கம் கலைந்தது. 1894-இல் அவர் இறந்தும்போனார். அந்த மனிதரைப் பற்றி எனக்குக் கசப்பு எதுவுமில்லை, தனிமையிலிருந்த ஆள். ஆனால் யாருடைய உடம்புக்கு அந்தச் சுதந்திரம் முதலில் வாய்த்தது என்று பாருங்கள். நீதிபதியின் உடம்புக்கு. திங்கட்கிழமை காலை அங்கியை மாட்டிக்கொண்டு தீர்ப்பெழுதப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை துணியில்லாமல் இருக்கலாம். அவர் மரியாதை கொக்கியில் மாட்டிய அங்கியில் பத்திரமாக இருக்கும்.

நம் பக்கக் கதை வேறு. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாடார் பெண்கள் தோளில் சீலை போடுவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு போராட வேண்டியிருந்தது. சந்தையில் சட்டையைக் கிழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். 1859 ஜூலை 26-இல் அரசர் அறிக்கை விட்டு இறங்கிவந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் அணிகிற மாதிரி அணியக்கூடாது என்று ஒரு வாலைச் சேர்த்தே விட்டார். 2016-இல் சி.பி.எஸ்.இ. இந்த வரலாற்றை ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது.

இங்கே ஒரு புத்திசாலி வாதம் வரும். அந்தக் காலத்தில் எல்லோருமே மேலாடை இல்லாமல்தான் இருந்தார்கள், வெட்கத்தை இறக்குமதி செய்தது விக்டோரியா காலத்து மிஷனரிகள் என்று. பாதி உண்மை. அந்த வெக்கையில் பல சாதியார் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் இருந்தது நிஜம். ஆனால் யாருக்கு முன்னால் யார் மாரைத் திறந்து நிற்க வேண்டும் என்று ஒரு ஏணி இருந்ததே, அதை எந்த மிஷனரி கொண்டுவந்தான்? வெயிலுக்காகத் திறந்த உடம்பும் ஆண்டைக்காகத் திறந்த உடம்பும் பார்வைக்கு ஒன்றுதான். போட்டிருக்கிற சீலையைக் கிழிக்க ஆள் வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அதனால்தான் 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் புடவைக் கட்டு பற்றிப் பேசினார். தீண்டப்படாதவள் என்று அடையாளம் காட்டும் கட்டை விடுங்கள், முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டாதீர்கள், அந்தக் கனத்த வெள்ளிக் காப்புகளைக் கழற்றுங்கள் என்றார். அதற்கு ஆறு வருடம் முன்பு, 1921 செப்டம்பரில், மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்து அரைத்துணிக்கு மாறினார். ஏழைகளோடு ஒன்றாவதற்கு. துறக்க அவரிடம் ஒன்று இருந்தது. நம் ஆள் கோட்டு, டை, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு நின்றார். இந்தியா முழுக்கச் சிலையாக நிற்பதும் அந்தக் கோட்டோடுதான். இதைப் பார்த்து ‘மேற்கத்திய மோகம்’ என்று இன்னும் எழுதுகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வயது போதவில்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவை எடுத்துப் படியுங்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு அதன் ‘டி’ உட்பிரிவு இரண்டு குற்றங்களை ஒரே மூச்சில் சொல்கிறது: பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்குச் செருப்பு மாலை போடுவது, நிர்வாணமாகவோ அரை நிர்வாணமாகவோ ஊர்வலம் விடுவது. ஆம்பூர்க்காரனாகிய எனக்கு அந்த வாசகம் ஒரு மாதிரி வயிற்றில் இறங்கும். செருப்பும் அம்மணமும் சட்டப் புத்தகத்தில் ஒரே வரியில். 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனா பக்கம் செத்த மாட்டைத் தோலுரித்த இளைஞர்களுக்கு என்ன செய்தார்கள்? சட்டையை உரித்தார்கள், வண்டியோடு கட்டினார்கள், அடித்தார்கள். தோலுரித்தவன் தோலை உரிப்பது.

இன்னொரு நிகழ்ச்சியும் இருக்கிறது. இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாது. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் சந்திரகுத்தி ரேணுகாம்பா கோயில். அங்கே ‘பெத்தலே சேவே’, அதாவது நிர்வாண சேவை. நேர்த்திக்கடனுக்காக ஆற்றில் குளித்து ஆடையில்லாமல் மலையேறிக் கோயிலுக்குப் போவார்கள்; பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். 1986 மார்ச்சில் தலித் சங்கர்ஷ சமிதியினரும் மற்ற முற்போக்காளர்களும் அதைத் தடுக்கப் போனார்கள். கூட்டம் திரும்பியது. தடுக்கப் போனவர்களையும், பெண் காவலர் உட்படப் போலீஸாரையும் பிடித்து ஆடையை உருவி நடக்கவிட்டார்கள். அதன் பிறகுதான் அரசு தடை போட்டது. ‘அவர்கள் விருப்பப்பட்டுத்தானே செய்தார்கள், உடல் அவர்கள் உரிமைதானே’ என்று இன்றைய பட்டறை மொழியில் கேட்கலாம். கேட்பவர் வீட்டிலிருந்து ஒரு பெண்ணாவது அந்த மலையேறியிருந்தால் கேட்கட்டும். பக்தி என்ற பெயரில் ஆடை களைவது ஏன் எப்போதும் ஒரு திசையில் மட்டும், ஒரு தெருவிலிருந்து மட்டும் வருகிறது?

ரேணுகா என்றதும் எங்கள் பகுதிக்கு வந்துவிட்டேன். வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. பரசுராமன் தாய் ரேணுகாவின் தலையை வெட்டிவிட்டு, பிறகு உயிர்ப்பிக்கும்போது அந்தத் தலை வேறொரு பெண்ணின் உடம்பில் சேர்ந்துவிட்ட கதை. அந்த உடம்பு ஒரு சேரிப் பெண்ணுடையது. கோயிலிலும் நாளிதழ்ச் செய்தியிலும் இன்றுவரை அதற்குப் பெயர் ‘சண்டாளச்சி உடல்’. தரணம்பேட்டையிலிருந்து சிரசை ஊர்வலமாகத் தூக்கி வருகிறார்கள். லட்சக்கணக்கில் கூட்டம். மாலை விழுகிறது, தேங்காய் உடைகிறது, எல்லாம் சிரசுக்கு. கோயிலில் அந்த உடம்பின் மேல் பொருத்துகிறார்கள். இரவில் சிரசைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சின்ன வயதிலிருந்து பார்க்கிற திருவிழா. பக்தியைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. எங்கள் தெருவும் கூழ் ஊற்றுகிற தெருதான். ஆனால் உடம்பை ஏற்றுக்கொள்வது பற்றி யாராவது வகுப்பெடுத்தால் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. தலைக்கு ஊர் இருக்கிறது, பெயர் இருக்கிறது. உடம்புக்குச் சாதி மட்டும் இருக்கிறது.

அந்த உடம்புதான் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிடுகிறது. உப்புப் போட்ட பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் போட்டு மயிரைக் கழற்றி, சவ்வை நீக்கி, டிரம்மில் குரோம் ஏற்றினால் நீலமாக வெளியே வரும். ஒரு மாட்டுத்தோல் அழுகாமல் மிருதுவாகக் காலத்துக்கும் இருக்க இவ்வளவும் தேவை. இதே வேலை மனிதத் தோலை என்ன செய்யும்? சுண்ணாம்பு விரல் இடுக்கைத் தின்னும். குரோமியம் அரிப்பையும் புண்ணையும் கொண்டுவரும். நகம் போகும். (அழகு நிலையத்து முடி நீக்கும் க்ரீமிலும் கந்தகச் சேர்மமும் சுண்ணாம்பும்தான். அது குழாயில் அடைத்து வாசனை போட்டு வருகிறது, அவ்வளவுதான்.) சுண்ணாம்புக் குழிப் பக்கம் வேலை செய்யும் ஆண்கள் பலர் சட்டையில்லாமல்தான் நிற்பார்கள். அவர்களை யாரும் நேச்சுரிஸ்ட் என்று சொல்லவில்லை. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.

பிறகு நாற்றம். இதைப் பற்றி எந்தப் பாடி பாசிட்டிவிட்டிப் பக்கத்திலும் நான் ஒரு வரி படித்ததில்லை. குண்டான உடம்பு, கறுத்த உடம்பு, தழும்புள்ள உடம்பு எல்லாவற்றுக்கும் படம் போடலாம். நாற்றத்துக்குப் படம் போட முடியாது. எங்கள் சித்தப்பா கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் இரண்டு தரம் குளிப்பார், பவுடரைக் கொட்டிக்கொள்வார், பந்தியில் ஓரமாகத்தான் உட்காருவார். ஷூ கம்பெனியில் ஓட்டும் பசையின் நெடி வேறு, டேனரியின் நெடி வேறு. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் முகத்தைத் திருப்பும் வேகத்திலேயே எது என்று சொல்லிவிடலாம். தன் உடம்பைத் தானே நேசி என்று சித்தப்பாவிடம் யாராவது போய்ச் சொல்லட்டும், நான் வேண்டுமானால் துணைக்கு வருகிறேன். அவருக்குத் தன் உடம்போடு ஒரு தகராறும் கிடையாது. அந்த உடம்பு முப்பது வருடம் சோறு போட்டிருக்கிறது. தகராறு, மூக்கைப் பொத்துகிறவனோடு.

இந்தத் தோலில் செய்த ஷூ எந்த உடம்புக்குப் போகிறது என்பதற்கும் ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. 1995-இல் ‘டஃப்’ ஷூ விளம்பரம்: மிலிந்த் சோமனும் மது சாப்ரேயும், இருவரையும் சுற்றி ஒரு மலைப்பாம்பு, உடம்பில் ஷூ மட்டும். ஆபாச வழக்கு 14 வருடம் இழுத்து 2009-இல் விடுதலை. 2020 நவம்பரில் அதே சோமன் தன் 55-ஆவது பிறந்தநாளில் கோவா கடற்கரையில் நிர்வாணமாக ஓடிப் படம் போட்டார். வழக்குப் பதிந்தார்கள், ஆனால் நாடு அவருடைய உடற்கட்டைத்தான் வியந்தது. அதே ஆண்டு கேரளத்தில் ரெஹானா பாத்திமா தன் மேலுடம்பில் தன் பிள்ளைகள் ஓவியம் வரைவதைப் படமெடுத்துப் போட்டபோது போக்சோ வரை போனார்கள். 2023 ஜூனில் கேரள உயர்நீதிமன்றம், நிர்வாணம் என்பதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது, ஆணின் வெற்றுடம்பைச் சாதாரணமாகப் பார்க்கும் சமூகம் பெண்ணுடம்பை மட்டும் வேறு கண்ணால் பார்க்கிறது என்று கூறி அவரை விடுவித்தது. நல்ல தீர்ப்பு. வரவேற்கிறேன், கொண்டாடவும் செய்கிறேன். கூடவே, பேரணாம்பட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் ஒரு பெண் இதைச் செய்திருந்தால் வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிருக்குமா, அதற்கு முன்பே தெருவே தீர்ப்பு எழுதியிருக்குமா என்றும் கேட்கிறேன்.

அப்படியானால் நிர்வாண இயக்கம் நமக்கு வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சீலை போடும் உரிமையும் சீலையைக் கழற்றும் உரிமையும் ஒன்றுதான்; இரண்டிலும் முடிவெடுக்கிறவள் அவளாக இருக்க வேண்டும். பெண்கள் முடியை வெட்டிக்கொள்ளட்டும், நகையைக் கழற்றட்டும், ஆண்களைப் போல வசதியாக உடுத்தட்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர்தான் ஜெர்மனியில் அந்தப் படத்தில் நிற்கிறார். அவருக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் புடோரின் கிளையா கோஹின் கிளையா என்பதை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்போது கோவாவில் விற்பது, ஜிம்மில் செதுக்கிய, சிவந்த, மயிர் நீக்கிய உடம்பு தன்னைத்தானே ஏற்றுக்கொள்ளும் விழா. அந்த உடம்பை யார் மறுத்தார்கள், அது ஏற்றுக்கொள்ளப்பட?

கோஹின் கிளை ஆம்பூருக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 42-ஆவது பிரிவில், தொழிலாளர்கள் கழுவிக்கொள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே மறைப்போடு இடம் வேண்டும் என்று எழுதியது. 43-ஆவது பிரிவில் மாற்றுத்துணி வைக்கவும் நனைந்த துணி உலர்த்தவும் இடம் பற்றிச் சொன்னது. அந்த வயதுள்ள ஒரு சட்டத்தின் பேரில் எத்தனை டேனரிகளில், கதவு சாத்தி, சோப்புப் போட்டு, சூடான தண்ணீரில், அவசரமில்லாமல் முழு உடம்பையும் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகும்படி ஒரு அறை இருக்கிறது? எண்ணிப் பாருங்கள். ஆய்வு செய்கிற தோழர்கள் கணக்கெடுங்கள். அடுத்த செப்டம்பரில் அந்தப் படத்தைப் போட்டு ‘இவர்தான் உங்கள் தலைவரா’ என்று எவனாவது கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிட்டு, அந்தக் கணக்கைக் கீழே போடுவோம்.